“பெட்ரோல் எங்கடா போகுது?” - ஆவூர் பெரியவரின் மைலேஜ் நோட்டு

“பங்க்ல மீட்டர் ஜீரோல இருந்ததைப் பார்த்தியா?”

ஆவூரில் அந்த வீட்டுத் திண்ணையில் பெரியவர் இப்படிக் கேட்டபோது, அக்கா மகன் பதில் சொல்லவில்லை. பெட்ரோல் பில்லையும் கார் சாவியையும் திண்ணையில் வைத்தான். “செவ்வாய்க்கிழமைக்கு வேற ஆளைப் பார்த்துக்கங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை என்றால் டயாலிசிஸ் நாள். பெரியவரின் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு முறை திருச்சிக்குப் போக வேண்டும். சர்க்கரையால் பெரியவருக்குப் பார்வை மங்கியதிலிருந்து காரை ஓட்டுவது அந்தப் பையன்தான். கூலி எதுவும் வாங்குவதில்லை. அவனைப் போய்ச் சந்தேகப்பட வைத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு.

பெரியவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் டெப்போவில் எல்லோருக்கும் மனப்பாடமான வார்த்தை ஒன்று உண்டு: கே.எம்.பி.எல். ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு. அது நல்லபடியாக வந்தால் டிரைவருக்குப் பாராட்டு, குறைந்தால் அதிகாரியின் அறைக்குக் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிய நாளிலேயே நோட்டும் போட்டுவிட்டார். தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ரூபாய் என்று நான்கு கட்டம்.

கணக்கு ரொம்ப எளிது. டேங்க்கை நிரப்பி, பங்க் துப்பாக்கி தானாக நின்றதும் ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும் அதேபோல நிரப்ப வேண்டும். இடையில் ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி ஒரே இடத்தில் நிற்காது என்பதால், ஒரு தடவை வரும் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மூன்று நான்கு முறை சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கார் கம்பெனி சொல்லும் மைலேஜோடு ஒப்பிட்டு மனம் உடையவும் தேவையில்லை. அது ஆய்வுக்கூடத்தில் ஏசியை அணைத்து, உருளைகள் மேல் காரை ஓட்டிப் பார்த்து எடுக்கும் கணக்கு. நம் கார் முன்பு கொடுத்ததையும் இப்போது கொடுப்பதையும் ஒப்பிடுவதுதான் சரி.

நோட்டின் முதல் பக்கங்களில் 17.1, 17.4, 17.2 என்று இருந்தது. பிறகு மெல்ல இறங்கி 16.2-ல் நின்றது. அதற்குக் காரணம் அவருக்குத் தெரியும். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்க வழக்கத்துக்கு வந்துவிட்டது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டர் எத்தனாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதற்காக வடிவமைக்கப்படாத பழைய கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் வரை மைலேஜ் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே கணித்திருந்தது. 17.2-லிருந்து 16.2-க்கு வந்ததும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

ஆனால், பங்குனிக்குப் பிறகு 14.4, 14.1, 14.2 என்று வந்த எண்களுக்குத்தான் காரணம் பிடிபடவில்லை.

டயரில் காற்று பார்த்தார். ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மெக்கானிக்கிடம் காட்டினார். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று, வண்டி வந்து நின்றதும் சக்கரத்தின் அருகே கையை வைத்து சூடு பார்த்தார். பெட்ரோல் ஒழுகும் வாடையும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

கடைசியாகப் பிடித்த பெட்ரோல் 29 லிட்டர். ஓடியது 412 கிலோமீட்டர். ஏழு தடவை திருச்சி போய் வந்ததுதான் ஏறக்குறைய மொத்த ஓட்டமும். 16.2 கணக்கில் பார்த்தால் 25 லிட்டரும் கொஞ்சமும்தான் ஆகியிருக்க வேண்டும். மீதி மூன்றரை லிட்டர் எங்கே?

பையன் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருந்தால் கிலோமீட்டரும் கூடியிருக்கும், மைலேஜ் இந்த அளவுக்கு விழாது. கிலோமீட்டர் கூடாமல் பெட்ரோல் மட்டும் கரைகிறது என்றால் திருட்டு அல்லது பில்லில் கோளாறு. பெரியவரின் புத்தி அங்கேதான் போய் நின்றது. பையன் பெட்ரோல் பிடித்த வரிகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். பிறகுதான் திண்ணையில் அந்தக் கேள்வி.

உள்ளே படுத்திருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அவன் வரலைன்னா நானும் போகலை” என்று மட்டும் சொன்னார். டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அன்றிரவு பெரியவர் அக்காவுக்கு போன் போட்டு, “செவ்வாய்க்கிழமை நானும் கூட வர்றேன்னு தம்பிகிட்ட சொல்லுக்கா” என்றார்.

பையன் விடியற்காலையிலேயே வந்துவிட்டான். வழி முழுக்கப் பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம். முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே பையன் எழுந்து போனான். வெயிலில் கிடந்த காரை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டான். முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, தலையணை ஒன்றை வைத்தான். சக்கர நாற்காலியில் வந்த அத்தையைத் தாங்கிப் பிடித்து, சீட்டில் படுக்கவைத்தான். கார் கிளம்பவில்லை.

“ஏன் நிக்குற?” என்றார் பெரியவர் பின் சீட்டிலிருந்து.

“அத்தைக்கு பிரஷர் இறங்கியிருக்கும் மாமா. உடனே எடுத்தா தலை சுத்தி வாந்தி வருது. அரை மணி நேரம் இப்படியே படுத்திருந்தா சரியாயிடும்.”

பெரியவர் டாஷ்போர்டைப் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடோமீட்டரில் ஒரு எண்கூட அசையவில்லை.

சின்ன கார்தான் என்றாலும் நின்ற இடத்தில் ஏசியோடு ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் என்றால் அரை லிட்டர். ஏழு தடவைக்கு மூன்றரை லிட்டர். அவர் தேடிக்கொண்டிருந்த பெட்ரோல் அங்கே இருந்தது. அந்தக் குளிரில் கண்ணை மூடிப் படுத்திருந்த மனைவியின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்துகொண்டிருந்தது.

“இதை ஏன்டா எங்கிட்ட சொல்லலை?”

“நீங்க பில்லைத்தானே மாமா கேட்டீங்க.”

பல வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் டெப்போவில் அவரையும் அப்படிக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ‘உன் கே.எம்.பி.எல். ஏன் குறைஞ்சுது?’ என்று கேட்டார்களே தவிர, அந்த மாதம் அவருக்குக் கொடுத்திருந்த பஸ் எந்த நிலையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. ஏதோ மாறியிருக்கிறது என்று மட்டும்தான் நோட்டு சொல்லும். என்ன மாறியது என்று தெரிந்துகொள்ள கூடவே ஒரு நாள் போக வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பும்போது பங்க்கில் பெட்ரோல் பிடித்தார்கள். பெரியவர் காரைவிட்டு இறங்கவில்லை. பணத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு வட்டங்களை அழிக்க முடியவில்லை, பேனாவால் போட்டது. அன்றிரவு நோட்டில் ஐந்தாவதாக ஒரு கோடு கிழித்து, மேலே ‘நின்ற நேரம்’ என்று எழுதினார். வெள்ளிக்கிழமை காலையில் வந்த பையன் அதைப் பார்த்தான். வட்டங்களையும் பார்த்தான்.

“இதையும் எழுதணுமா மாமா?”

“எழுது. முழுசா சரியான பிறகு கிளம்பு. அவசரமில்லை” என்று சொல்லி, சாவியை அவன் கையில் கொடுத்தார் பெரியவர்.