கறுப்புக் கம்பி

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகப் பந்தயக் கார்க் குழுவில் மின்சார வேலைக்கு நான் பொறுப்பாளன். மாணவர்களே காரைக் கட்டி, கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் 'பார்முலா பாரத்' போட்டிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வடநாட்டில் படிக்கும் தமிழனுக்கு, தான் தொட்ட கார் தமிழ்நாட்டில் ஓடுவதைக் காணும் ஆசை எவ்வளவு இருக்கும் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழுவில் நம் சங்கத்துத் தம்பி ஒருவனும் இருந்தான், திருநெல்வேலிக்காரன். இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று லேப்டாப்பில் கணக்கிடுவது அவன் வேலை. அந்தக் கணக்கைச் சோதிக்கக் காற்று-பெட்ரோல் விகித மீட்டர் ஒன்று வாங்கினோம்.

ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இஞ்சின் முழு வலிமையோடு இழுக்கும்போது அதை 12.8 அளவுக்குக் குறைத்துக்கொள்ள முடிவு செய்திருந்தோம். பெட்ரோல் அளவு மீறினால் பிளக்கில் கரி பிடிக்கும். சைலன்சர் குழாயில் திருகிய சென்சார், புகையில் எஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து மீட்டருக்குச் செய்தி அனுப்பும்.

மீட்டரைப் பூட்டியவன் நான். பின்புறம் நான்கு கம்பிகள். சிவப்பு மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு, வெள்ளை, மீட்டரின் கணக்கை வோல்ட்டாக்கி இஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வதற்கு. நான்காவது பழுப்பு. அது எதற்கென்று குறிப்பேட்டைப் புரட்டச் சோம்பல்; டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். கறுப்புக் கம்பியைக் காரின் சட்டத்தில், பெயிண்டைச் சுரண்டாமலே, போல்ட்டு வைத்து முடுக்கினேன்.

ஓட்டிப் பார்த்தோம். லேப்டாப்பில் 13.8. "கணக்கில் கோட்டை விட்டுவிட்டாயே!" என்று எட்டுப் பேர் நடுவில் தம்பியைக் கடிந்துகொண்டேன். அவன் பெட்ரோலைக் கூட்டினான். லேப்டாப்பில் 12.8 வந்தது. ஆனால் கரும்புகையும் வந்தது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி! அதற்கும் அவனையே திட்டினேன். அவன் வாய் திறக்கவில்லை.

கோவைக்குப் புறப்பட மூன்று நாள் இருக்கையில், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்த தம்பி மெல்லக் கேட்டான்: "அண்ணே, லேப்டாப்புல 12.8. இங்க மீட்டர்ல 11.8-ன்னுல்லா காட்டுது?"

எனக்குச் சுருக்கென்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றைக் கறுப்புக் கம்பியிலும் வைத்தேன். 0.4 வோல்ட்! நல்ல எர்த்தாயின் ஏறக்குறைய சுழி காட்ட வேண்டும். சென்சாரை 700 டிகிரிக்கு மேல் சூடேற்றும் மின்சாரம் கறுப்புக் கம்பி வழியாகவே திரும்புகிறது. பெயிண்ட் அதை மறித்ததால் மீட்டரின் எர்த்து மேலே ஏறி நின்றது. வெள்ளைக் கம்பியின் வோல்ட்டும் கூடவே ஏறியது. எங்கள் மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2.4 பங்கு, ஆகவே 0.4 வோல்ட்டுக்கு ஒரு பங்கு பொய். மீட்டர் முகப்பு சொன்னது மெய். முதல் நாளே தம்பியின் கணக்குச் சரியாக இருந்திருக்கிறது.

உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்க்கக்கூட மனம் ஒப்பவில்லை. கறுப்புக் கம்பியைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த்து இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ப் பூட்டினேன். குறிப்பேடு சொன்னபடி, பழுப்பைப் பெட்டியின் சென்சார் எர்த்தில் சேர்த்தேன். அந்தக் கம்பி இருந்ததே இந்தப் பொய்யைத் தடுக்கத்தான்! தம்பி தன் பழைய கணக்கைத் திரும்ப ஏற்றினான். இரண்டிலும் 12.8.

அன்றிரவு விடுதி மாடியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, கார் ஓடுதுல்லா" என்றான். கோவையிலும் கார் ஓடியது. பரிசு ஒன்றும் பெறவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. திட்டியது எட்டுப் பேர் நடுவில். மன்னிப்புக் கேட்டது இருட்டில், தனியே. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. ஆசிரியர் கட்டுரை கேட்டபோது வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை. தம்பி, பிழை உன்னுடையதன்று, என்னுடையது.