எர்த்

மீன் வண்டியின் பின்பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவர். சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒரு வாரம் முழுவதும் நான் அங்கேதான் நின்றேன்.

என் தந்தையார் ஓட்டுவது 1998ஆம் ஆண்டு டாடா 407. நாகப்பட்டினம் துறைமுகத்தில் இரவு இரண்டு மணிக்குப் பெட்டிகளை ஏற்றினால், விடியுமுன் தஞ்சாவூரில் இறக்கியாக வேண்டும். அந்த வண்டியின் பின் விளக்குகளுக்கு விந்தையான நோய் ஒன்று கண்டது. சும்மா இருக்கையில் எரியும்; பிரேக்கை மிதித்தால் பளிச்சிடுவதற்குப் பதில் மங்கிப் போகும். இண்டிகேட்டர் போட்டாலோ, சிவப்பு விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டும்!

“நம்ம பையன் பி.எஸ்ஸி. படிக்கிறான், அவன் பாத்துக்குவான்” என்று மற்ற டிரைவர்கள் முன்னிலையில் அப்பா சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. 350 ரூபாய்க்கு வாங்கிய மல்டிமீட்டருடன் போனேன். பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் இரு முனைகளையும் வைத்து, அப்பாவை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். 12.4 வோல்ட்! “ஒயரெல்லாம் சரி, பல்புதான் கோளாறு” என்று தீர்ப்பளித்தேன். புது பல்பு போட்டோம், குணமில்லை. பல்பே போலி என்று கடைக்காரரைக் குறை கூறினேன். இப்படியே ஐந்து இரவுகள் ஓடின.

ஆறாம் இரவு, நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருக்க, அப்பா வண்டியை நிறுத்தியிருக்கிறார். “பின்னால வந்த லாரிக்காரனுக்கு நான் நின்னதே தெரியலையாம். ஒரு முழம்தான் பாக்கி” என்று மறுநாள் மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அன்று மாலையே வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவரது கருவி, இரண்டு ஒயர் கட்டிய ஒரு பல்பு, அவ்வளவுதான். என் மீட்டர் 12.4 காட்டிய அதே ஹோல்டரில் அந்த பல்பு அழுது வடிந்தது.

“அப்போ மீட்டர் பொய் சொல்லுதா அண்ணே?”

“பொய் சொல்லல தம்பி. அதுக்குப் பசி இல்ல. பல்புக்குப் பசிக்கும்.”

ஓம் விதியை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே வழியில் எத்தனை தடை இருந்தாலும் அதற்குத் தெரியாது. ஆனால் 21 வாட் பிரேக் பல்புகள் இரண்டும் சேர்ந்து 3.5 ஆம்பியர் கேட்கும். வழியில் மூன்று ஓம் தடை இருந்துவிட்டால் பாதி வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். ஒளியோ பாதிக்கும் மிகக் கீழே போய்விடும். 5 வாட் பின் விளக்குகள் அற்பாகாரிகள். அதனால்தான் அவை மட்டும் ஒருவாறு எரிந்து என்னை ஏமாற்றின.

அவர் ஹோல்டரின் வெளிக்கூட்டிலிருந்து பாட்டரியின் நெகடிவுக்கு ஒரு தனி ஒயரை நேராக இழுத்துப் பிடித்தார். பிரேக் விளக்குகள் செக்கச்செவேலென்று எரிந்தன. எர்த்! மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதை வண்டியின் இரும்புச் சட்டம்தான். பின் விளக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் ஒயர், பெட்டிகளின் ஐஸ் நீர் சொட்டும் இடத்தில், சட்டத்தில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தது. உப்பு நீர் சும்மா விடுமா? செம்பில் பச்சைக் களிம்பு, இரும்பில் துரு. கழற்றுமுன் கெஞ்சிக் கேட்டு ஒரு முறை அளந்தேன். பல்பு பொருத்திய நிலையில், பிரேக்கை மிதித்தபடி, ஹோல்டர் கூட்டிற்கும் பாட்டரி நெகடிவுக்கும் இடையே 5.8 வோல்ட். ஏறக்குறைய சுழி இருக்கவேண்டிய இடம் அது. உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, கிரீஸ் தடவினார். கால் மணி நேர வேலை.

அடுத்த வாரம் ஆய்வகத்தில் கேரி ஃபாஸ்டர் பிரிட்ஜ் சோதனை. ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். ‘முன்னெச்சரிக்கைகள்’ என்ற தலைப்பின்கீழ் முதல் வரி, என் கையெழுத்தில்: இணைப்புக் கம்பிகளின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கமாக இணைக்கவேண்டும். சீனியர் ஒருவரின் நோட்டைப் பார்த்து ஏழு சோதனைகளுக்கு அதை எழுதியிருக்கிறேன்.

இப்போதும் இரவு வண்டி கிளம்புமுன் நான் பின்னால் போய் நிற்கிறேன். அப்பா பிரேக்கை மிதித்து, “எரியுதா?” என்பார். “ரெண்டும் எரியுதுப்பா” என்பேன். சிறிது பொறுத்து, மறுபடியும் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் கியர் போடுகிறார்.