பத்துக்குப் பத்து

அப்பா அந்த ஸ்பீக்கர்களைப் பதினைந்து நிமிடம்கூடக் கேட்கவில்லை. "சத்தம் நிறைய வருது. பாட்டு எங்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

இடுப்பு உயரத்துக்கு நிற்கும் இரண்டு டவர் ஸ்பீக்கர்கள். போனஸ் வந்த மாதம் வாங்கியவை. விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லியிருந்தேன். ஆறு மாதம் ரிவ்யூ படித்து, கிராஃப் பார்த்து, எக்ஸெல் ஷீட் போட்டு எடுத்த முடிவு. மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் ஒரே வரியில் அதை ஊதித் தள்ளியதில் எனக்கு நிஜமாகவே கோபம்.

அம்மா போன பிறகு அப்பா ராஜபாளையத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டார். துரைப்பாக்கத்தில் வாடகை வீடு, இரண்டு படுக்கையறை. சின்ன அறை அவருக்கு. ஹாலில் டிவியும் மகளும் இருப்பதால் ஸ்பீக்கரும் அந்த அறைக்கே போனது. அப்பாவுக்காக வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை.

கோபம் இறங்கியதும் டேப்பை எடுத்து அறையை அளந்தேன். பத்துக்குப் பத்து. தரைக்கும் கூரைக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே பத்தடி. காலேஜில் பாஸாவதற்காக மட்டும் படித்தது அப்போதுதான் உறைத்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில ஒலிகள் மாட்டிக்கொள்ளும். போய்த் திரும்பி, தன்னோடு தானே சேர்ந்து வீங்கும். எந்த ஒலி என்று கண்டுபிடிக்க, ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னை வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். விடை 57 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் அடிச் சுரங்கள் குடியிருக்கும் இடம்.

நீளமும் அகலமும் உயரமும் வேறு வேறாக இருந்தால் இந்த வீக்கம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும். இங்கே மூன்றும் ஒரே எண்ணில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அடி ஒலியை அள்ளிக் கொட்டும் டவர் ஸ்பீக்கருக்கு இதைவிட மோசமான அறையை வேண்டுமென்றே கட்டினாலும் கட்ட முடியாது. அந்த வீக்கம் சுவரோரம் அதிகமாகவும் அறை நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். அப்பாவின் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. பேஸ் வரும்போதெல்லாம் பீரோவுக்குள் ஏதோ கிணுகிணுத்தது. திறந்து பார்த்தால் அம்மாவின் வளையல் டப்பா.

தரையில் டைல்ஸ், சுற்றிலும் வெறும் சுவர். கை தட்டினால் தகரத்தைச் சுண்டியதுபோல ஒரு வால் நீண்டது. கம்பளம், திரைச்சீலை எல்லாம் அந்த வாலைக் கொஞ்சம் நறுக்கும். 57 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது, அதன் அலைநீளமே இருபதடி. ஆபீஸ் நண்பன் ஒருவன் சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொன்னான். எல்லோருக்கும் இப்படி ஒரு நண்பன் வாய்க்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கு எதுவும் இல்லாமலே அப்பா ஒருகாலத்தில் நல்ல ஸ்பீக்கர் செய்தவர். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் மண்பானை ஸ்பீக்கர் இருந்தது. பானை வாயில் ஆறு இஞ்ச் ஸ்பீக்கரை வைத்து இறுக்கி, இடுக்கெல்லாம் எம்-சீல் போட்டு அடைத்திருந்தார். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கும். பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்கத்தோடு கலந்தால் அடி ஒலி செத்துப்போகும். பானை அதை உள்ளேயே பூட்டி வைத்தது. டி.எம்.சௌந்தரராஜன் குரல் அதில் தெருமுனை வரை கேட்கும். "ஊருக்கே பாட்டுப் போடணுமா?" என்று அம்மா கத்துவாள். "எனக்குக் கேக்க வேணாமா?" என்பார் அப்பா. நாங்கள் சிரிப்போம்.

அந்தப் பதில் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது போன வருடம்தான், காது டாக்டரின் கிளினிக்கில். டிவி சத்தத்துக்காக வீட்டில் மூன்றாவது முறை சண்டை வந்த பிறகு கூட்டிப்போயிருந்தேன். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். பீப் கேட்டால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். பல தடவை அவர் அமுக்கவே இல்லை. வெளியில் நின்றிருந்த எனக்குப் பரீட்சையில் பையன் திணறுவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

பிரிண்டில் வந்த கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராகப் போய், 4000இல் கிணற்றுக்குள் விழுந்தது. டெஸ்ட் எடுத்த பெண் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, மெஷின் சத்தத்துல வேலை பாத்தீங்களா?"

இருபத்தெட்டு வருடம் நூற்பாலை. ரிங் ஃபிரேம் பிரிவு. காதுக்கு எதுவும் கொடுத்ததில்லை. இவராகக் கொஞ்சம் பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொள்வாராம். அதனால் பெரிய பயன் இல்லை என்றார் அந்தப் பெண். முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான், வயது மேலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

பேச்சில் கனமான பகுதி உயிரெழுத்துகள். அவை கீழே இருக்கின்றன, நன்றாகவே கேட்கும். க, ச, ட, த எல்லாம் மேலே இருக்கும் சின்னச் சின்ன வெடிப்புகளும் உரசல்களும். உயிர் கேட்கிறது, மெய்யில் வல்லினம் விழுந்துவிடுகிறது. காத்து, காசு, காட்டு மூன்றும் அப்பாவுக்கு ஏறக்குறைய ஒரே சொல். சத்தத்தைக் கூட்டினால் உயிரும் சேர்ந்து பெருத்து மெய்யை அமுக்கும். இப்படிப்பட்ட காதுக்குக் கேட்காததற்கும் வலிப்பதற்கும் நடுவில் இடைவெளியும் குறைவு. "கேக்கல, கேக்கல" என்றவர் அடுத்த நொடி "ஏன்டா கத்துற?" என்று எரிந்து விழுவதைப் பிடிவாதம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

காது மெஷின் வாங்கினோம். அது பெரும்பாலும் டப்பாவில் இருக்கிறது.

டவர்களை நஷ்டத்துக்கு விற்றேன். இந்தத் தடவை கடைக்கு அப்பாவையும் கூட்டிப்போனேன். கடையின் டெமோ அறை ஒரு பொறி: கனத்த கம்பளம், பஞ்சடைத்த சுவர். அங்கே எதுவும் நன்றாகத்தான் பாடும். இரண்டை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும், அதனால் சத்தத்தைச் சமமாக்கச் சொல்லிக் கேட்டேன். ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே மதிப்பெண் போட்டவர்கள், திரைக்குப் பின்னால் வைத்ததும் வேறு மாதிரி போட்டார்கள். அளவும் விலையும் கண் வழியாகக் காதுக்குள் போகின்றன. நான் டவர் வாங்கியது அப்படித்தான். அப்பா பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். இருந்ததிலேயே சின்ன ஜோடியைக் காட்டி, "இது பேசுது" என்றார். ஐந்து இஞ்ச் வூஃபர், மேலே ஒரு ட்வீட்டர். 57 ஹெர்ட்ஸ் பக்கம் அதற்குப் பெரிதாகச் சக்தி கிடையாது. அந்த அறைக்கு அந்தக் குறைதான் வேண்டும்.

கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு நாலடி தூரத்தில், அவர் காது உயரத்தில், முகத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ட்வீட்டர் ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, நேரே இருப்பவருக்குத்தான் முழுதாகக் கிடைக்கும். கிட்டே வந்தால் சுவரின் பங்கும் குறையும். சத்தத்தைக் கூட்டாமல் தூரத்தைக் குறைத்தேன். போனில் ஈக்வலைசரைத் திறந்து 2000க்கு மேல் ஐந்து டெசிபல் ஏற்றினேன்.

அந்த செட்டிங்கில் என்னால் பத்து நிமிடம் உட்கார முடியாது. ஊசிபோலக் குத்துகிறது. இரவு அவர் தூங்கப் போவதற்கு முன், அவர் மாடியில் நடக்கும் நேரம், நான் போய் ஈக்வலைசரை நேராக்கிக் கொஞ்ச நேரம் கேட்பேன். வரும்போது திரும்ப ஏற்றி வைக்க வேண்டும். போன வாரம் ஒருநாள் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"டேய், நேத்து நீ கேட்டியா?"

"ஆமாப்பா. ஏன்?"

"யாரோ கதவைச் சாத்திட்ட மாதிரி இருக்கு. திறந்து விடு."