ஆரோக்கியப்பச்சை யாருடைய செடி?

"ஆரோக்கியப்பச்சை நாற்று எங்கே கிடைக்கும் சார்? அரை ஏக்கரில் போட்டால் கட்டுப்படியாகுமா?" மூலிகை சாகுபடி கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். நாற்றுக்குப் பிறகு வருகிறேன். அந்தச் செடி காட்டைவிட்டு வெளியே வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அகத்தியமலையின் இரு பக்கமும் காணி மக்கள் வாழ்கிறார்கள். நம் பக்கம் பாபநாசம், பேச்சிப்பாறை. அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டம். 1987-ல் கேரள விஞ்ஞானிகள் சிலர் காணிகளை வழிகாட்டியாக வைத்து அந்த மலையில் ஏறினார்கள். இவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ ஒரு சிறு காயை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். என்ன காய் என்று கேட்டால் சொல்லத் தயங்கினார்கள். வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள்.

பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதன் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்கு 7 ஆண்டு உரிமம். கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு. அதற்காக 1997-ல் ஒரு அறக்கட்டளையும் பதிவானது.

பணத்தில் பங்கு கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காணிகளிடம் வைத்தியம் பிலாத்தியின் பொறுப்பு. கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிப் பாடி நோயை இறக்குபவரும் அவர்தான், பூசாரியும் அவர்தான். மருந்தை யாருக்குச் சொல்லலாம் என்பதும் அவர் கையில். 1995-ல் பிலாத்திகள் சிலர் கேரள முதலமைச்சருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். காட்டில் வழி காட்டியவர்களைக் கேட்டார்கள், எங்களை யார் கேட்டார்கள் என்பதுதான் இதில் எனக்குப் படும் நியாயம்.

பாபநாசம் பக்கம் நான் வேலை பார்த்தபோது முட்டிவலிக்கு ஒரு பெரியவர் தைலம் கொடுத்தார். என்ன தழை என்று கேட்டேன். "மருந்து வேணும்னா கேளுங்க சார், பேரு எதுக்கு?" என்று சிரித்தார். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை, கஞ்சத்தனம் என்பார்கள். கண்வலிக்கிழங்கு போடும் மூலனூர் விவசாயியைக் கேளுங்கள். அது மருந்துதான், அளவு தப்பினால் ஆளைக் கொல்லும். பேர் ஊருக்குத் தெரிந்தால் செடியும் மிஞ்சாது. (பாம்புக்கடிக்கு மட்டும் நேரே ஆஸ்பத்திரி. அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.)

இனி நாற்று. ஆரோக்கியப்பச்சை மலைக்காட்டு நிழலில், ஓடைக்கரை ஈரத்தில் வளர்வது. வேறு இடத்தில் முளைத்தாலும் இலையில் அந்த மருந்துச் சத்து சரியாக வருவதில்லை என்கிறார்கள். பயிரிடப் பயிற்சி பெற்ற காணிக் குடும்பங்களே இலையை விற்க வனத்துறையின் தடையில் மாட்டினார்கள். நெல்லை, தூத்துக்குடி மானாவாரிக்கு அவுரி போதும். வியாபாரியிடம் விலையைப் பேசி முடித்துவிட்டு விதையுங்கள்.