சேம அச்சு

மேடும் பள்ளமுமான வழியிலே பாரவண்டி செலுத்திய பழந்தமிழகத்து உப்பு வணிகர், ஓடும் அச்சு முறியக்கூடுமென்று எண்ணி வேறோர் அச்சினையும் வண்டியின் அடியிலே கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே ஔவையார் அதனை உவமையாக்கினார். பல்கலைக்கழகத்திலே அவ்வுவமையின் நயம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளிகள் பெற்றோம். ஆசிரியரானபின் மாணவர்க்கும் விளக்கினோம். ஆயினும் சேம அச்சு என்றால் என்னவென்று நாம் அறிந்தது வகுப்பறையில் அன்று. மன்னார் மாவட்டத்தின் உட்புறத்தே, சேறு மிகுந்த காட்டுப் பாதையொன்றிலேதான்.

2018ஆம் ஆண்டு மார்கழி மாதம். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பரீட்சை நிலையமோ எமது ஊரிலிருந்து பதினொரு கிலோமீற்றர். மாரி தொடங்கினால் அப்பாதையிலே பேருந்து வாராது. ஆகவே பெற்றோர் பணம் சேர்த்து உழவு இயந்திரமொன்றை வாடகைக்கு அமர்த்தினர். பெட்டியிலே பத்தொன்பது பிள்ளைகளோடு நாமும் ஏறிக்கொண்டோம். சாரதி எமது முதல் மாணவர்களில் ஒருவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். "நீ மாடு மேய்க்கத்தான் சரி" என்று ஒருநாள் அவனை நாம் ஏசியதுண்டு. அவன் அதை மறந்திருப்பான் என்று எம்மை நாமே தேற்றிக்கொண்டிருந்தோம்.

காலை ஏழு மணி கடந்ததும் பெட்டி ஒருபுறம் சாய்ந்தது. இடப்புறச் சில்லின் காற்று முற்றாகப் போய்விட்டது. எட்டரை மணிக்குப் பரீட்சை. இன்னும் நான்கு கிலோமீற்றர் இருந்தது. நடந்து போகலாமென்றால், இடையிலுள்ள தாம்போதிக்கு மேலாக முழங்காலளவு நீர் பாய்ந்துகொண்டிருந்தது. "மேலதிகச் சில்லு எங்கே?" என்று கேட்டோம்.

"முதலாளி வாங்கித் தரேல்லை, சேர். பிள்ளையளை இறக்குங்கோ, பாரம் இருக்கப்படாது" என்றான் அவன்.

இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தான். பழைய வில்லுத்தகட்டில் அடித்தெடுத்த இரண்டு நெம்புகள், காற்றடிக்கும் பம்பு, ஒட்டுத் துண்டுகள், பசைக் குழாய், அரம், குறடு ஆகியன அதில் இருந்தன. யாவும் தன் கூலியிலே வாங்கியவை.

மறுபுறச் சில்லுக்குக் கல் அடைகொடுத்தான். ஜக் சேற்றிலே புதையாதிருக்க அதன்கீழ்ப் பலகையொன்றை வைத்துப் பெட்டியை உயர்த்தினான். ரயரின் ஒரு விளிம்பை நெம்பி ரியூப்பை வெளியே எடுத்துச் சிறிது காற்றடித்துப் பாதையோரக் குட்டைநீரிலே அமிழ்த்தினான். குமிழி வந்த இடத்தை அடையாளமிட்டுத் துடைத்து உலர்த்தி அரத்தால் உராய்ந்தான். பசை பூசியவுடன் அவன் ஒட்டவில்லை. நாம் அவசரப்படுத்தினோம். "ஈரமா இருக்கேக்க ஒட்டினா நிக்காது, சேர். விரலிலை ஒட்டுற பதம் வரட்டும்" என்றான். அந்த இடைவெளியிலே ரயரின் உட்புறத்தைத் துணிகொண்டு மெல்லத் தடவினான். துணி சிக்கிய இடத்திலே விடத்தல்முள் ஒன்று. சற்றுத் தள்ளி இன்னொன்று. "இதை விட்டுட்டு ஒட்டினா அரைமைல் ஓடாது" என்றான். துளையை அடைத்துவிட்டு முள்ளை உள்ளே விடுவது வீண்வேலை என்பதை, சீர்திருத்தங்களைப் பற்றி நாம் படித்த நூல்கள் எவையும் அத்துணைத் தெளிவாக எமக்கு உணர்த்தியதில்லை.

எட்டு ஐம்பதுக்குப் பரீட்சை மண்டபத்தை அடைந்தோம். வெள்ளைச் சீருடை சேறாகப் பிள்ளைகள் இருபது நிமிடம் பிந்தி எழுதத் தொடங்கினர். நாள்தோறும் தனியார் வகுப்புக்குப் போகும் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சமமாக, அதே வினாத்தாளுக்கு!

அன்று மாலை அவனோடு பேசியிருந்தோம். காட்டுவழி ஓடும் வண்டிக்குக் காற்றுப் போவது விதியன்று என்றான். முள் பெரும்பாலும் குத்திய அன்றே துளைப்பதில்லை. ரயரிலே தங்கி, ஓட ஓட உள்ளே ஏறுகின்றது. மாலைதோறும் தேடிக் குறட்டால் பிடுங்கினால் பல துளைகளைத் தவிர்க்கலாம். காற்றுக் குறைந்த ரயரிலே பாரம் ஏற்றினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். ரயர் வளையத்திலே நழுவி ரியூப்பின் வால்வை அறுக்கும். சேற்று வயலில் உழவு இயந்திரத்தின் பின்சில்லுக்குச் சற்றுக் காற்றுக் குறைந்திருந்தால் நிலத்தை நன்றாகப் பற்றும். தார்வீதிக்கு ஏறுமுன் மீண்டும் அடிக்கவேண்டும். காலையிலே சில்லு குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்கவேண்டும். நூல் தெரியத் தேய்ந்த ரயரை மாற்றியே ஆகவேண்டும்.

"இவ்வளவும் தெரிந்தும் ஏன் இப்படி?" என்றோம்.

"தெரிஞ்சது எனக்கு, சேர். ரயர் அவற்றை" என்றான்.

தாமதத்தைக் காரணங்காட்டி அவனுடைய அன்றைய கூலியிலே பாதியை முதலாளி வெட்டிவிட்டார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அதன்பின் எமது சிந்தை உப்பு வணிகரிடம் திரும்பியது. வண்டி அவர்களுடையது, உப்பும் அவர்களுடையது, அச்சு முறிந்தால் காட்டிலே நிற்பவர்களும் அவர்களே. ஆதலின் சேம அச்சைக் கட்ட எவரும் அவர்களுக்குப் போதிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி ஒருவனுக்கும் வழியின் துன்பம் வேறொருவனுக்கும் ஆகியபோதே சேம அச்சு காணாமற் போயிற்று. இதை விதி என்பதா, கவனக்குறைவு என்பதா? கூலிக்காரன் தன் கூலியிலே வாங்கிச் சாக்கிலே கட்டிவைத்த ஒட்டுத் துண்டுகளால் எத்தனை காலத்துக்கு இவ்வண்டி ஓடும்?

அடுத்த ஆண்டு பெற்றோர் ஒன்றுகூடி, மேலதிகச் சில்லும் தேயாத ரயரும் இல்லாத வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டனர். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். பாதைக்காக மூன்று மனுக்கள் கொடுத்தோம். கிரவல் கொட்டினார்கள், மறு மாரி அதை அள்ளிச் சென்றது. நான்காவது மனுவை எழுதிய நாளிலே முதற் கையெழுத்தை அந்தச் சாரதியிடமே வாங்கினோம். பேனாவைக் கையில் எடுத்தவன் எம்மை நோக்கிச் சிரித்தான். "மாடு மேய்க்கிறவனும் வைக்கலாமோ, சேர்?" என்றான்.

அவன் மறந்திருக்கவில்லை. நாம் மன்னிப்புக் கேட்டோம்.

இப்பொழுது அப்பாட்டைக் கற்பிக்கும்போது உவமை நயத்துக்கு முன்னே மாணவரிடம் ஒரு வினாவை வைக்கின்றோம்: அந்த அச்சை வாங்கியவர் யார்?