பிடித்துவிடும் கை

"ஏண்டா, ஒரு மாத்திரை சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கிறதாம், இன்னொன்று அதையே தடுக்கிறதாம். இரண்டையும் ஒரே டாக்டர்தானே எழுதினார்?" என்று கேட்டாள் அம்மா. முதலாவது எலும்புக்கு, இரண்டாவது ரத்தக் கொதிப்புக்கு. எந்தப் புண்ணியவான் அவளுக்கு விவரம் சொன்னானோ, அன்று முதல் இரண்டாவது மாத்திரை தலையணைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. நாலாம் நாள் ரத்த அழுத்தம் 180-ஐத் தொட்டுவிட்டது.

பட்டம் வாங்காத நான் விஞ்ஞானம் பேச வேண்டியதாயிற்று. உடம்பிலுள்ள கால்சியத்தில் 100-க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் சாதுவாக அடங்கிக் கிடக்கிறது. மிச்சம் ஒரு பங்கு இருக்கிறதே, அதுதான் வீட்டையே ஆட்டிவைக்கிற ஆசாமி! உயிரணுவுக்கு வெளியே இருப்பதில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும். வாசல் திறந்து இன்னும் கொஞ்சம் நுழைந்தால் போதும். அங்கே காத்திருக்கும் கால்மோடுலின் என்ற புரதம் தன் நாலு கைகளாலும் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் அதன் உருவமே மாறுகிறது. அந்த உருவத்தோடு இன்னொரு புரதத்தைப் போய்க் கட்டிக்கொண்டு உசுப்பிவிடுகிறது. ரத்தக் குழாயின் தசை இறுகுகிறது. உள்ளே வந்த கால்சியத்தை வெளியே இறைத்தால் கை வெறுங்கையாகிவிடும், தசை தளர்ந்துவிடும். அம்மாவின் மருந்து வாசலை ஒருக்களித்துச் சாத்துகிறது, அவ்வளவுதான். எலும்பின் பங்குக்கு அது போட்டியில்லை.

அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டாள். எனக்குத்தான் அந்தக் கை மனத்தை விட்டுப் போகவில்லை. கை என்றது என் கற்பனை அல்ல. 1973-ல் கிரெட்சிங்கர் என்ற அமெரிக்கர், நாக்கோல்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து, கெண்டை மீனின் தசைப் புரதம் ஒன்றின் அமைப்பை வெளியிட்டார். அதன் ஆறு சுருள்களில் ஐந்தாவது, நீட்டிய ஆள்காட்டி விரல் போலவும் ஆறாவது கட்டைவிரல் போலவும் இருந்தன. நடுவே மடக்கிய விரல் போன்ற வளைவில் கால்சியம். ஆங்கில எழுத்து வரிசைப்படி 'ஈ-எஃப் கை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. விஞ்ஞானிகள் பெயர் வைத்தால் பெரும்பாலும் வாயில் நுழையாது. இவர் பிழைத்துப் போகட்டும்.

உள்ளே நுழைகிற அந்தத் துளிக் கால்சியத்தைக் கண்டுகொள்ளவும் ஒரு புரதமே உதவியது. 1961-ல் அமெரிக்காவில், ஃபிரைடே ஹார்பர் என்ற கடற்கரை ஊரில், ஷிமோமுரா என்ற ஜப்பானியர் ஜெல்லி மீன்களிலிருந்து எடுத்த சாற்றை வேண்டாமென்று கழிவுத் தொட்டியில் கொட்டினார். தொட்டியில் கடல் நீர் வழிந்து கொண்டிருந்தது. பளீரென்று நீல ஒளி! கடல் நீரிலுள்ள கால்சியம் பட்டு அந்தப் புரதம் ஒளிர்ந்திருக்கிறது. 1967-ல், பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசின் தசை இழையில் அதைச் செலுத்திப் பார்த்தார்கள். தசையைத் தூண்டியதும் முதலில் ஒளி மின்னியது. அப்புறந்தான் இழை சுருங்கியது.