நாலு மூலை

ஒரு ஒயர் கூடைக்குக் கைப்பிடி போட்டு, நுனிகளை உள்ளே சொருகி வெட்டிய அன்றைக்கே அடுத்த கூடைக்கு ஒயர் அளந்துவிடுவேன். கை சும்மா இருந்தால் பிடிக்காது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அது உண்மை இல்லை. கை சும்மா இருந்தால் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, மகளுக்குப் பள்ளிக்கூடத்துச் சண்டை, வீட்டுக்காரருக்கு லோன் தவணை. "இந்த வரிசை முடியட்டும்" என்று சொன்னால் போதும், எழுந்து போய்விடுவார்கள். வரிசை முடிந்த பிறகு அவர்களில் ஒருவரைக்கூட நான் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, விழுப்புரத்தில் எங்கள் தெருவில் பலரும் கூடை கேட்டார்கள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று கேட்ட பின்னலையெல்லாம் போட்டுக் கொடுத்தேன். என் பழக்கத்துக்கு நல்ல பெயரும் கிடைத்துவிட்டது.

பின்னக் கற்றுக்கொடுத்தது அம்மா. திண்டிவனத்தில் தனியாக இருக்கிறாள். ரயிலில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், அடுத்தது திண்டிவனம், அவ்வளவுதான் தூரம். விரல் மடங்காமல் போனதிலிருந்து அவள் ஒயரைத் தொடுவதில்லை. மார்க்கெட்டுக்கு எடுத்துப் போக என்னிடம் ஒன்று கேட்டாள். பச்சையும் வெள்ளையுமாக, அடி அகலமாக.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. எமர்ஜென்சி லைட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவின் கூடையைத்தான் பின்னிக்கொண்டிருந்தேன். அடி முடிந்து பக்கம் ஏறுகிற திருப்பம். ரன்னிங் ஒயரை நாலு மூலையிலும் ஒரே இறுக்கமாக மடக்க வேண்டும். ஒரு மூலை தளர்ந்தாலும் கூடை கோணிவிடும். இரண்டாவது மூலையில் போன் அடித்தது. 'அம்மா' என்று பெயர் தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை.

நாலாவது மூலை முடிந்து நான் கூப்பிட்டபோது அவள் போன் அணைந்திருந்தது. மறுநாள் சாயங்காலம்தான் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். ராத்திரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா இருட்டில் கட்டில் மேல் நின்றிருக்கிறாள். அவர்கள் கதவைத் தட்டி மாடிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஒரே நாளில் மயிலத்தில் 51 செ.மீ. மழை என்று செய்தியில் சொன்னார்கள். திங்கட்கிழமை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி வண்டிகள் நின்றுவிட்டன. புதன்கிழமைதான் போய்ச் சேர்ந்தேன்.

சுவரில் சேற்றுக் கோடு என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ தூங்கிக்கினு இருந்திருப்ப. நான்தான் நேரங்கெட்ட நேரத்துல கூப்ட்டுட்டேன்" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது அந்தக் குரல். நான், "ஆமாம்மா, அசந்துட்டேன்" என்றேன்.

பொங்கலுக்கு முன்னால் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்து, வளையாத விரல்களால் மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். "திருப்பம் நல்லா வந்திருக்குடி" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று ராத்திரியே விழுப்புரம் திரும்பி, அடுத்த கூடைக்கு ஒயர் வெட்டினேன்.

அந்தக் கூடையோடுதான் அவள் இப்போதும் மார்க்கெட்டுக்குப் போகிறாள். யார் கேட்டாலும் என் பெண் போட்டது என்கிறாள். வியாழக்கிழமை திண்டிவனம் போகிறேன். ஒயர் கட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போய், நான் அன்றைக்குத் தூங்கவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும்.